தண்ணீர் செதுக்கிய பாலைவனம்

ஐரோப்பாக் கண்டத்தைப் பற்றிப் பாடஞ் சொல்லும்போது நாம் வழக்கமாக விரித்துரைப்பன, பனி மூடிய அல்ப்ஸ் மலைகளும், கப்பல்கள் செல்லும் றைன் நதியும், கோதுமை விளையும் சமவெளிகளுமேயாம். அவ்வாறு உரைத்துக்கொண்டிருந்த ஒருநாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஐரோப்பாவிலே பாலைவனம் உண்டா?" என்று வினவினான். வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. நாம் சிரிக்கவில்லை. தேசப்படத்தை விரித்து, ஸ்பெயின் தேசத்தின் தென்கிழக்கு மூலையிலே விரலை வைத்து, "இதோ இருக்கிறது" என்றோம். சிரிப்பு அடங்கியது. அதற்குள் மணியும் அடித்துவிட்டது. அன்று சொல்ல நேரமின்றி விட்டவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

நாம் விரல் வைத்த இடம் அல்மேரியா மாகாணம். ஒருபுறம் மத்தியதரைக் கடல். மறுபுறம் மலைக்குப்பின் மலையாக அடுக்கி நிற்கும் வறண்ட மலைத்தொடர்கள். தேசப்படத்தையே துணையாகக் கொண்டு, அல்மேரியா நகரிலிருந்து புறப்பட்டு, அம்மலைநாட்டை ஒரு வட்டமாகச் சுற்றிவருவோம். வழியிலே காணப்போகும் இயற்கைக் காட்சிகள் பலவாயினும், அவை அனைத்தையும் ஆக்கிய கைவினைஞன் ஒருவனே. அவன் யார் என்பதை வாசகர் வழியிலேயே கண்டுகொள்வர்.

மழையை மறிக்கும் மலைகள்

ஸ்பானியர் மலைத்தொடரைச் 'சியேரா' என்பர். மரமறுக்கும் வாளுக்கும் அம்மொழியிலே அதுவே பெயர். வாளின் பற்களைப்போலச் சிகரங்கள் நிரைநிரையாக நிற்றலின் அப்பெயர் நன்கு பொருந்துவதாயிற்று. அல்மேரியாவுக்கு மேற்கே சியேரா நெவாடா என்னும் பெருந்தொடர் உள்ளது. அதன் முலாசென் சிகரம் 3,479 மீற்றர் உயரமுடையது. ஐபீரியக் குடாநாட்டிலே அதனின் உயர்ந்த சிகரம் வேறில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து ஈரஞ் சுமந்துவரும் காற்று அம்மலைமீது ஏறுங்கால் குளிர்ந்து, தான் சுமந்துவந்த நீரை மழையாகவும் பனியாகவும் அங்கேயே சொரிந்துவிடுகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது வெறுங் காற்றேயாகும்.

இவ்வாறு மலையின் மறைவிலே மழையிழந்து கிடக்கும் நிலத்தையே புவியியலார் மழையொதுக்குப் பிரதேசம் என்பர். அல்மேரியாவின் உள்நாட்டிலுள்ள தபேர்னாஸ் என்னும் தாழ்நிலமோ இருமடங்கு துர்ப்பாக்கியமுடையது. அதற்கு வடக்கே பிலாப்ரேஸ் மலைத்தொடர்; தெற்கே அலமில்லா மலைத்தொடர்; தென்மேற்கே காடோர் மலைத்தொடர். எத்திசையிலிருந்து மேகம் வந்தாலும் வாயிலிலே காவலர் நிற்கின்றனர். ஆண்டொன்றுக்கு அங்குப் பெய்யும் மழை, சராசரியாக 250 மில்லிமீற்றருக்கும் குறைவே. கணக்கிலே கண்டிப்புடைய விஞ்ஞானிகள் இந்நிலத்தை அரைவறள் நிலம் என வகுப்பர். உலக வழக்கிலோ ஐரோப்பாவின் ஒரே பாலைவனம் என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

கடலாயிருந்த பாலை

அல்மேரியா நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வடக்கே சென்றால் தபேர்னாஸ் பாலையை அடையலாம். பாலைவனம் என்றதும் காற்றிலே நகரும் மணற்குன்றுகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். அங்கே மணற்குன்று இல்லை. மடிப்புமடிப்பாகச் சுருங்கிய முதியோர் முகம்போல, ஆயிரம் ஓடைகளால் அறுக்கப்பட்ட சாம்பல் நிறக் குன்றுகளும், அவற்றினிடையே கத்தி முனைபோன்ற முகடுகளும், ஆழ்ந்த பள்ளங்களுமே கண்ணுக்கெட்டும் தூரம்வரை பரந்துள்ளன.

ஏறக்குறைய 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விடம் கடலின் அடித்தளமாயிருந்தது. மலைகளிலிருந்து அடித்துவரப்பட்ட மணலும், சுண்ணாம்பு கலந்த களியும் அக்கடலின் அடியிலே படைபடையாகப் படிந்தன. பின்னர் நிலம் மெல்ல உயர்ந்தது, கடல் பின்வாங்கியது. அவ்வாறு வெளிப்பட்ட மெல்லிய படிவுகளை அறுத்து இன்றைய வடிவத்தைக் கொடுத்தது காற்றன்று, தண்ணீர்!

மழையே அரிதாயுள்ள நாட்டிலே தண்ணீர் எவ்வாறு செதுக்கும் என வாசகர் ஐயுறலாம். அருமையே அதன் வலிமைக்குக் காரணம். இங்கு மழை ஆண்டு முழுவதும் தூறலாகப் பரந்து பெய்வதில்லை. சில நாள்களிலே, சிலவேளை சில மணித்தியாலங்களிலே, கொட்டித் தீர்த்துவிடுகின்றது. மண்ணைப் பற்றிக்கொள்ளும் வேர்கள் இல்லை. மழைத்துளியின் அடியைத் தாங்கும் இலைகள் இல்லை. ஆதலின் ஒவ்வொரு பெருமழையும் குன்றுகளிலிருந்து ஒரு பங்கு மண்ணை அறுத்துக்கொண்டே போகின்றது. அந்நீர் ஓடும் அகன்ற வரண்ட படுகைகளை ஸ்பானியர் 'ரம்பிளா' என்பர். மணலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. ஆண்டிற் பெரும்பகுதி ரம்பிளா ஒரு பாதையாகவே பயன்படும். மேகம் கறுத்த நாளிலோ அதனுள் ஒருவரும் இறங்கார். தலைக்குமேல் வானம் தெளிந்திருப்பினும், மலையிலே பெய்த மழை திடீரென வெள்ளமாக வந்து சேரக்கூடும். 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே தென்கிழக்கு ஸ்பெயினில் எழுந்த அத்தகைய வெள்ளத்திலே பலர் உயிரிழந்தனர்.

இப்பாலையிலே மாணவர் ஊன்றி நோக்கவேண்டியதொன்றுண்டு. ஒரே குன்றின் தெற்குச் சரிவு மொட்டையாயிருக்க, வடக்குச் சரிவிலே வெண்மையும் பழுப்புமான ஒரு பொருக்குப் படர்ந்திருக்கும். அது வெறும் மண்ணன்று; உயிருடையது. பூஞ்சணமும் அல்காவும் கூடி வாழும் இலைக்கனே அவ்வாறு பொருக்காகப் பரந்து, தரைமண்ணைத் தைத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. வெயில் நேரே தாக்காத வடபுறத்திலே சிறிது ஈரம் தங்குதலால் அங்கு மாத்திரம் அது வாழ்கின்றது. ஒரு மனிதனின் பாதம் அதனை நொறுக்கப் போதும். நொறுங்கிய இடம் மீண்டும் மூடப்படப் பல்லாண்டுகள் செல்லும். அதற்குள் வரும் மழை அவ்விடத்திலேயே புதிய ஓடையை வெட்டத் தொடங்கிவிடும். வழியைவிட்டு விலகி நடவாதீர் என்று அங்கே எச்சரிப்பது வெறும் ஒழுங்கு விதியன்று. ஏறக்குறைய 280 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்நிலம் 1989ஆம் ஆண்டிலே பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இத்துணை வறுமையிலும் உயிர்கள் வாழ்கின்றன. கயிறு திரிக்கவும், கூடை முடையவும், செருப்புப் பின்னவும் அந்நாட்டார் தொன்றுதொட்டுப் பயன்படுத்திவந்த எஸ்பார்த்தோப் புல் எங்கும் பற்றைபற்றையாக நிற்கின்றது. நம் இலந்தைக்கு நெருங்கிய உறவான முட்செடியொன்றும் இம்மாகாணத்தின் வறண்ட கரைகளில் உண்டு. அதன் வேர்கள் நீரைத் தேடி மிக ஆழத்துக்குச் செல்வன. உலகிலே வேறெங்கும் காணப்படாத கடுகுக் குடும்பத்துச் செடியொன்று இக்குன்றுகளிலே மஞ்சள் நிறப் பூப் பூக்கின்றது.

இந்நிலத்தை வாசகருட் பலர் தம்மையறியாமலே பார்த்திருப்பர். 1962இல் வெளிவந்த 'லோறன்ஸ் ஒவ் அரேபியா' படத்திலே அரேபியப் பாலையாகத் தோன்றும் காட்சிகளிற் சில இங்கே எடுக்கப்பட்டவை. அதற்கென நட்ட பேரீச்ச மரங்கள் நின்ற ரம்பிளாவை இன்றும் காட்டுகின்றனர். அதன்பின் 1964 தொடக்கம் 1966 வரை வெளிவந்த படங்களிலே, இத்தாலிய நெறியாளர் சேர்ஜியோ லெயோனே இதே மண்ணை அமெரிக்க மேற்கு நாடாகக் காட்டினார். உலகப் புகழ்பெற்ற பாலைகள் பலவற்றின் வேடத்தைப் புனைந்து நடித்த இப்பாலைக்குத் தன் சொந்தப் பெயர் வெளியுலகில் தெரியாமற் போனது விந்தையே.

விண்ணை நோக்கும் சிகரம்

தபேர்னாஸிலிருந்து வடக்கே பிலாப்ரேஸ் மலைமீது பாதை வளைந்து வளைந்து ஏறுகின்றது. சரிவுகளிலே கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களையும், வெள்ளை நிறச் சிற்றூர்களையும் காணலாம். முஸ்லிம்கள் அந்நாட்டை ஆண்ட காலத்து நீர்ச் சிக்கனத்தின் தடங்கள் இவை. ஊற்று நீரைச் சிறு வாய்க்காலால் வயலுக்குவயல் முறைவைத்துப் பாய்ச்சுவர். அவ்வாய்க்காலுக்கு ஸ்பானியர் வழங்கும் 'அசேக்கியா' என்னும் பெயரும், மழைநீரைச் சேர்த்துவைக்கும் வளைகூரைத் தொட்டிக்கு வழங்கும் 'அல்கீபே' என்னும் பெயரும் அரபு மொழியிலிருந்து வந்தவையே. ஆட்சி மறைந்தது, மொழி மறைந்தது, தண்ணீரைப் பற்றிய சொற்கள் மாத்திரம் மறையவில்லை.

தொடரின் உச்சி காலார் ஆல்தோ. உயரம் 2,168 மீற்றர். மாரிகாலத்திலே அங்குப் பனி மூடும். கீழே பாலையை உண்டாக்கிய அதே வறட்சி மேலே ஒரு வரமாகின்றது. மேகமற்ற தெளிந்த இரவுகளை நாடி, ஜேர்மனியும் ஸ்பெயினும் 1973ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி அங்கே ஒரு வானாராய்ச்சி நிலையத்தை அமைத்தன. 1984இல் இயங்கத் தொடங்கிய அதன் பெருந்தொலைநோக்கியின் ஆடி 3.5 மீற்றர் விட்டமுடையது. 2019 முதல் நிலையம் முற்றிலும் ஸ்பெயின் வசமாயிற்று.

உச்சியிலிருந்து தென்மேற்கே நோக்கினால் காடோர் மலைத்தொடர் தெரியும். அதன் கதையைக் கேளாமல் இறங்கலாகாது. இன்று மொட்டையாய் நிற்கும் அம்மலையிலே ஒருகாலத்தில் ஓக் மரக் காடுகள் செறிந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே அங்கு ஈயம் பெருவாரியாக அகழப்பட்டது. ஈயத்தை உருக்கும் உலைகளுக்கு மரம் தேவைப்பட்டது. காடு முழுவதும் உலைவாய்ப் பட்டது. மரம் அற்றபின் எஸ்பார்த்தோப் புல்லையும் பிடுங்கி எரித்தனர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டே பாலையாகும் என நம் முன்னோர் கருதினர். காடோர் மலை அக்கருத்துக்கு ஐரோப்பாவிலே கிடைக்கும் சான்று. மழையின்மை பாதி; மனிதன் பாதி.

நிலத்தடியிலே ஒரு பளிங்கறை

மலையின் வடபுறமாக இறங்கினால் மக்கயேல் என்னும் ஊர் வரும். வெண்பளிங்குக் கல்லுக்குப் பேர்போனது அவ்வூர். கிரனடா நகரத்து அல்ஹம்ரா மாளிகையின் சிங்க முற்றத்திலே நிற்கும் சிங்கங்கள் அக்கல்லால் ஆனவையே. அங்கிருந்து அல்மன்சோராப் பள்ளத்தாக்கின் வழியே கிழக்கே சென்று, கடலுக்கு அண்மையிலுள்ள புல்பி என்னும் ஊரை அடைவோம்.

இரும்பும் ஈயமும் அகழ்ந்து கைவிடப்பட்ட பழைய சுரங்கமொன்று அங்கேயுண்டு. 1999ஆம் ஆண்டின் இறுதியிலே, அச்சுரங்கத்துள் ஏறக்குறைய 50 மீற்றர் ஆழத்தில் ஒரு குழி கண்டுபிடிக்கப்பட்டது. 8 மீற்றர் நீளமும், ஏறக்குறைய 2 மீற்றர் உயரமும் அகலமுங் கொண்ட அக்குழியின் சுவரெங்கும் ஜிப்சப் பளிங்குகள் வாட்கள்போல உள்நோக்கி நீண்டு நிற்கின்றன. சில பளிங்குகள் 2 மீற்றர் நீளமுடையன. அவற்றினூடே மறுபுறம் காணலாம். ஐரோப்பாவிலே இதனிலும் பெரிய பளிங்குக் குழி அறியப்படவில்லை.

இதனை வளர்த்ததும் நீரேயாகும். ஜிப்சத்தின் கூறுகளைக் கரைத்து வைத்திருந்த நீர் அக்குழியிலே நிறைந்திருந்தது. வெப்பநிலை அதிகம் மாறாத அமைதியிலே, பளிங்குகள் மிக மெதுவாக வளர்ந்தன. அவற்றின் வயது குறைந்தது 60,000 ஆண்டுகள். 20 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்படாது என 2019இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே சுரங்கம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குழியின் வாயிலிலே நின்று தலையை நீட்டிப் பார்க்கலாம். உள்ளே நுழைதல் கூடாது. மனிதரின் மூச்சிலுள்ள ஈரமும் உடம்பின் வெப்பமுமே அப்பளிங்குகளின் தெளிவைக் கெடுக்கவல்லவை.

கரையும் மலை

புல்பியிலிருந்து தென்மேற்கே திரும்பினால் சோர்பாஸ் நகரம். ஆற்றினால் வளைத்து அறுக்கப்பட்ட செங்குத்துப் பாறையின் விளிம்பிலே அதன் வீடுகள் தொங்குவனபோல நிற்கின்றன. மண்பாண்டத் தொழிலுக்கும் பழமையான ஊர் அது. எனினும் அதன் பெருஞ் செல்வம் நகருக்கு அண்மையில் நிலத்தின் கீழேயே உள்ளது.

ஏறக்குறைய 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், மத்தியதரைக் கடலை அத்திலாந்திக் சமுத்திரத்தோடு இணைத்த வழிகள் அடைபட்டன. வெயிலிலே கடல் வற்றத் தொடங்கியது. உப்பளத்துப் பாத்தியிலே உப்பு விளைவதுபோல, வற்றிய நீரிலிருந்து ஜிப்சம் பிரிந்து படிந்தது. சோர்பாஸிலே அப்படிவின் தடிப்பு 100 மீற்றருக்கும் அதிகம். ஏறக்குறைய 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் சமுத்திரம் மீண்டும் உட்புகுந்து கடலை நிரப்பியது. ஒரு கடல் வற்றியதன் சாட்சியாக அந்த ஜிப்சப் படிவு எஞ்சிற்று.

ஜிப்சம் நீரிற் கரையும் கல். ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 2 கிராமைக் கரைத்துவிடும். அற்பமாகத் தோன்றும் இக்கணக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளால் பெருக்கப்படும்போது, மலை குடையப்படுகின்றது. அவ்வாறு குடையப்பட்ட குகைகள் சோர்பாஸிலே ஆயிரத்துக்கு மேலுண்டு. அவற்றுள் 'நீர்க் குகை' எனப் பெயர்பெற்றது 8 கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றது. வழிகாட்டியோடு செல்வோருக்குத் தலைக்கவசமும் விளக்கும் கொடுக்கின்றனர்; பொதுவிளக்குகள் உள்ளே இல்லை. சிலவிடங்களிலே தவழ்ந்தும் செல்லவேண்டும். கையிலுள்ள விளக்கின் ஒளி படுந்தோறும் சுவர்களிலுள்ள பளிங்குகள் மின்னும். தரையின்மேலே, உள்ளே வெற்றிடமுள்ள குமிழிகள்போலப் பாறை பொங்கி நிற்கும் காட்சியும் அரியது.

வற்றுகின்ற ஊற்று

இக்குகைகளுக்கு அண்மையிலே அகுவாஸ் ஆறு ஓடுகின்றது. அகுவாஸ் என்றால் தண்ணீர்கள் என்பது பொருள். வறண்ட மலைகளிடையே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்பதனாலேயே அப்பெயரின் அருமை விளங்கும். தரைக்கீழ் நீர் ஊற்றாகப் பொங்கும் இடத்திலே லோஸ் மொலினோஸ், அதாவது ஆலைகள், என்னும் சிற்றூர் உள்ளது. ஒருகாலத்தில் அவ்வூற்று நீரின் விசையாலேயே மாவரைக்கும் ஆலைகள் சுழன்றன. நாணலும், ஆமையும், தவளையும், பறவைகளும் அந்நீரையே நம்பி வாழ்ந்தன.

இன்று அவ்வூற்று முன்னிருந்ததன் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. அண்மைக் காலத்திலே தபேர்னாஸ், சோர்பாஸ் பகுதிகளில் ஒலிவ மரங்கள் மிக நெருக்கமாக நடப்பட்டு, ஆழ்கிணறுகளால் நீர் இறைத்துப் பாய்ச்சப்படுகின்றன. மழையால் நிலத்துள் இறங்கும் நீரைக் காட்டிலும் பன்மடங்கு நீர் மேலே இறைக்கப்படுகின்றது. ஒலிவம் அந்நாட்டுக்குப் புதியதன்று. மழையை நம்பி இடைவெளி விட்டு நடப்பட்ட பழைய ஒலிவ மரங்கள் நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தன. இன்றைய தோட்டமோ நிலத்தடியிலுள்ள சேமிப்பையே செலவு செய்கின்றது. ஊற்றருகே வாழும் மக்கள் நீதி கேட்டு வழக்காடியும் வருகின்றனர். மறுபுறத்திலே, அத்தோட்டங்களிலே வேலை பெற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. பஞ்சத்தால் ஊரைவிட்டு வெளியேறியோர் மலிந்த மாகாணம் அது. வேலை தரும் தோட்டத்தை வெறுப்பது அவர்க்கு எளிதன்று. ஆயினும் ஊற்று வற்றியபின் தோட்டமும் நில்லாது என்பது இரு சாராருக்கும் பொதுவான உண்மை. காடோர் மலையின் உலைகளும் ஒருகாலத்திலே பலர்க்குச் சோறிட்டன, காடு முடிந்தது, மொட்டை மலையே மிஞ்சியது.

அகுவாஸ் கரையிலிருந்து அல்மேரியா நகருக்கு மீள்வோர், கூடுதலாக ஒருநாள் கிடைப்பின், எரிமலைப் பாறைகளால் ஆன காத்தா முனையையும், அங்குள்ள உப்பளங்களிலே கூட்டமாக நிற்கும் பூநாரைகளையும் காணலாம். சுற்றுலாவுக்கு ஏற்றது இளவேனிற் காலம்; கோடையிலே வெப்பம் 40 பாகையையும் தாண்டும். குடிநீர் எடுத்துச் செல்லுதல், ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமை, மேகங் கறுத்தால் ரம்பிளாவுள் இறங்காமை ஆகிய மூன்றும் அங்குச் செல்வோர் மறவாது போற்றவேண்டியவை.

பாலையின் குன்றுகளை அறுத்தது தண்ணீர். சுரங்கத்துப் பளிங்கை வளர்த்தது தண்ணீர். சோர்பாஸ் மலையைக் குடைந்தது தண்ணீர். தண்ணீர் மலிந்த நாட்டிலே அதன் கைத்திறன் புல்லாலும் மரத்தாலும் மூடப்பட்டுப்போகும். தண்ணீர் அரிதான நாட்டிலேதான் அது வெளிப்படையாகக் கிடக்கின்றது. "ஐரோப்பாவிலே பாலைவனம் உண்டா?" என்று கேட்ட மாணவனுக்கு நாம் அன்று கூறிய விடை அரைகுறையானது. உண்டு, அதனைச் செதுக்கியது தண்ணீர், அதற்குச் சான்றாக ஓர் ஊற்றும் இன்னும் இருக்கின்றது. அவன் வளர்ந்து அங்குச் செல்லுங் காலத்திலும் அவ்வூற்று இருக்குமா என்பதே இனி நாம் கேட்கவேண்டிய வினா.